நத்தைக்கல்லின் ஆயுள்

விழா மலருக்கு என்றால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், ஜெசிந்தா மேடம். மேடம் என்று கூப்பிடாதீர்கள் என்கிறீர்கள். நூலகத்துக்கு வந்து, ‘கமலாக்கா, இந்த ஒரு புத்தகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறேனே’ என்று கெஞ்சின காலத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இப்போது நீங்கள் துறைத் தலைவர். தலைவரைப் பெயர் சொன்னால் என் வாய் கோணிக்கொள்ளும்.

ஞானமுத்து மேடத்துக்கு எண்பது வயது, முத்து விழா, மலர் போடுகிறோம், பழைய நினைவு ஏதாவது சொல்லுங்கள் என்று வந்திருக்கிறீர்கள். சரி. ஆனால் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி என்ன? அந்தச் சிப்பிக்குள் என்ன நிறத்தில் மண் இருந்தது என்று. விழா மலருக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? பரவாயில்லை, மண்ணுக்கும் வருகிறேன். முதலில் மோரைக் குடியுங்கள். பெருங்காயம் தூக்கலாக இருக்கும். என் கை அப்படி.

உங்களுக்கு என்னை நூலகத்துக் கமலமாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் எட்டு வருடம் நான் நிலவியல் ஆய்வகத்தில் இருந்தேன். ரா. செங்கமலம், ஆய்வக உதவியாளர். கல்லைக் கழுவுவேன், துடைப்பேன், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வெள்ளைப் பெயிண்ட் வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையில் எண் எழுதுவேன். உடைந்த சிப்பியை ஒட்டுவேன். ஒட்டின இடம் மேடத்துக்கே தெரியாது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “கமலம், எங்கடீ ஒட்டுன?” என்பார்கள். அவர்கள் ஒருவரை ‘டீ’ போட்டால் அது பாராட்டு. வருடத்துக்கு இரண்டு தரம் கிடைக்கும்.

வெளியூருக்கு நான் போக ஆரம்பித்தது கல்லுக்காக இல்லை. அந்தக் காலத்தில் நம் கல்லூரியில் ஒரு விதி உண்டு. பெண் விரிவுரையாளர் இரவு வெளியில் தங்கினால் துணைக்கு ஒரு பெண் ஊழியர் போகவேண்டும். மேடம் கோபப்பட்டார்கள். “எட்டுக் கோடி வருஷத்துப் பாறைய தனியா பாக்கலாம், பெரம்பலூர்ல தனியா படுக்கக் கூடாதா?” என்று முதல்வர் அறையிலேயே கேட்டார்கள். முதல்வர், “கூடாது” என்றார். அப்படி நான் துணையானேன்.

பொங்கல் முடிந்து மாசி வரை, வருடாவருடம், அரியலூர்ப் பக்கம் நல்லாம்பாடி ஓடை. போயிருப்பீர்களே. மழைத் தண்ணீர் அரித்து அரித்து, பூமி விரல் விரலாகப் பிளந்து கிடக்கும். இறங்கினால் நாற்பது, ஐம்பது அடி. அடியில் கருஞ்சாம்பல் களிமண். அதற்கு மேல் ஒரு சாண் சுண்ணாம்புக் கட்டு. அதற்கு மேல் மஞ்சள் மண், கரை வரைக்கும். இதெல்லாம் ஒரு காலத்தில் கடலடி என்று மேடம் முதல் நாள் சொன்னபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். முள் குத்தும், போட்டுக்கொள் என்றார்கள்.

கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு காலம் உண்டு. வந்தது, இருந்தது, போனது. காசில் எந்த ராஜா தலை என்று பார்த்து எந்தக் காலம் என்கிறோம் இல்லையா, அப்படி ஓடு எதுவென்று பார்த்து அடுக்கின் வயதைச் சொல்லிவிடலாம். இதை மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணுக்குள் சிப்பி எப்படிப் படுத்திருக்கும், எந்தப் பக்கம் தரையைப் பார்க்கும், எது தானாக இறந்து அமுங்கினது, எது வெள்ளத்தில் உருண்டு வந்தது. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

அங்கே கிடைக்கிற சுருள் ஓடு ஒன்று; அதை ஊரில் நத்தைக்கல் என்பார்கள். மேடம் காதில் விழுந்தால் தொலைந்தோம். “நத்தை இல்ல, கணவாய் மீனுக்குப் பங்காளி!” பங்காளியோ சம்பந்தியோ, பார்க்க நத்தை மாதிரிதான் இருக்கும். அதில் ஒரு வகை. விலாவில் இரட்டை இரட்டையாகக் குமிழ் வைத்தது. அது கறுப்பு மண்ணில் மட்டும்தான் கிடைக்கும். சுண்ணாம்புக் கட்டோடு அந்த வம்சம் முடிந்தது என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மேடம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மேலேயும் இருந்திருக்கும், நாம் சரியாகத் தேடவில்லை என்பார்கள். ஆறு வருடம் மஞ்சள் மண்ணைச் சுரண்டினார்கள். ஒன்றும் இல்லை.

ஆறாவது வருடம் ஓடையில் சறுக்கி விழுந்து வலது முழங்கால் போயிற்று. ஏழாவது வருடம் டாக்டர் படி ஏறவே கூடாது என்றார். முதல்வர், இதுதான் கடைசித் தடவை, இனி விடுப்பும் இல்லை வண்டியும் இல்லை என்றார். மேடம் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த ஏழாவது வருடத்தை.

கரை மேல் மடக்கு நாற்காலி, கறுப்புக் குடை, கையில் சின்னச் சுத்தியல். நாற்காலியில் இருந்தபடி கைக்கு எட்டுகிற மஞ்சள் மண்ணைத் தட்டுவார்கள். காலையிலிருந்து மாலை வரை. பிறகு நாற்காலியை நான்கு அடி நகர்த்தச் சொல்வார்கள். நான் நகர்த்துவேன். இப்படிப் பதினோரு நாள். சாப்பாட்டை எடுத்துவைத்தால், “பசிக்கல கமலம்” என்பார்கள். ஒருநாள் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். வெயில் அந்தப் பக்கம் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் கீழே இறங்கி, கறுப்பு மண்ணில் நல்லதாக ஒன்று, ஓரம் உடையாத ஒன்று, பெயர்த்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன்.

“இது எங்க கெடந்தது?”

“கீழ, மேடம்.”

“கீழன்னா? கட்டுக்கு எத்தன அடி கீழ? எந்தப் பக்கம் பாத்துது? அளந்தியா?”

“இல்ல மேடம். அழகா இருந்துச்சு.”

அதை அப்படியே ஓடைக்குள் வீசினார்கள். “எடத்த விட்டு எடுத்துட்டா அது வெறும் கல்லு. மேசைல காகிதம் பறக்காம வைக்கலாம். வேற எதுக்கும் ஆகாது. எங்கண்ணால பாக்கணும், எங்கையால எடுக்கணும்.”

நியாயம்தானே. அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டும், அவர்கள் கையால் எடுக்கவேண்டும். நான் அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். இறங்க முடியாத மனுஷி. ஓட்டுக்குக் கால் கிடையாது. நடுவில் கால் இருக்கிறவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், மேடம் எழுந்திருக்கும் முன்னால், தங்கியிருந்த இடத்திலிருந்து ஓடைக்கு நடந்தே போனேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. இரட்டைக் குமிழ் வைத்தது, முழுசு, என் உள்ளங்கை அகலம். கீழே அது எப்படிப் படுத்திருந்ததோ அதே சாய்வைக் கண்ணில் வாங்கிக்கொண்டேன். மேலே ஏறி, நாற்காலி மறுநாள் எங்கே போகும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்து மஞ்சள் மண்ணை உளியால் கொத்தி, கையளவு குழி செய்து, ஓட்டை வைத்து, அதே மண்ணைக் குழைத்து மூடினேன். பூ வைக்கிற மாதிரிதான் வைத்தேன். ஓரம் ஒரு நகக்கண் அளவு மட்டும் வெளியே தெரியும்படி.

அங்கே ஆடு மேய்க்கிற செல்லக்கண்ணு என்று ஒருத்தி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

“என்னா பண்றவ, கல்ல நட்டுகிட்டு இருக்க? மொளைக்குமா?”

“மொளைக்கும், போ.”

“தண்ணி ஊத்து. அப்பறம் காஞ்சிரப் போவுது.”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அது நல்ல யோசனை. தண்ணீர் தெளித்தேன். மண் நன்றாக இறுகிக்கொண்டது. பத்தாததற்கு அன்று சாயங்காலம் பருவமில்லாத ஒரு தூறல். அதனால் மறுநாள் ஓடைப் பக்கம் போகவில்லை, அதற்கு மறுநாளும் வண்டி சேற்றில் போகாது என்றார்கள். மூன்றாம் நாள் போனபோது எனக்கே இடம் சட்டென்று புலப்படவில்லை.

பத்தரை மணிக்குச் சுத்தியல் சத்தம் நின்றது. நான் கல்லடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுக்கும். அப்புறம், “கமலம், அளவு நாடா” என்று ஒரு குரல். சர்ச்சுக்குள் பேசுகிற குரல். போய்ப் பார்த்தால், முட்டி போடக் கூடாத மனுஷி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அளந்தார்கள், வரைந்தார்கள், நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். அவர்கள் கையாலேயே எடுத்தார்கள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ஆறு வருஷம்டீ” என்றார்கள்.

டீ போட்டார்கள். அந்த வருடத்தின் முதல் ‘டீ’.

சுண்ணாம்புக் கட்டுக்கு மேலே பன்னிரண்டு அடி என்று எழுதினார்கள். நான் எடுத்த இடத்துக்கும் வைத்த இடத்துக்கும் நாற்பது அடி. கட்டுக்கு மேலே அந்தப் பன்னிரண்டு அடி மண் படியப் பத்து லட்சம் வருடம் ஆகியிருக்கும் என்று கட்டுரையில் எழுதினார்கள். அதாவது அந்த நத்தைக்கல் வம்சம் இன்னும் பத்து லட்சம் வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. நான் ஒரு காலை நேரத்தில் கொடுத்த ஆயுள் அது. யாரும் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? வேகமாகப் பேசுகிறேனா?

பொய் என்று நினைக்கிறீர்களோ. அதில் எது பொய்? ஓடு நிஜம். ஓடை நிஜம். மேடம் தேடினது நிஜம், கண்டெடுத்தது நிஜம். நாற்பது அடி தள்ளி இருந்தது, அவ்வளவுதான். எட்டுக் கோடியில் பத்து லட்சம் என்பது ரூபாய்க்கு ஒரு பைசா. சில்லறை இல்லை என்று கடைக்காரர்கள் மிட்டாய் கொடுப்பதில்லையா?

என் வருத்தம் வேறு. கட்டுரை வெளிநாட்டில் அச்சானது. பேப்பரில் படம் வந்தது. கல்லூரி மண்டபத்தில் மாலை போட்டார்கள். மேடம் மேடையில் நன்றி சொன்னார்கள்: கடவுளுக்கு, முதல்வருக்கு, வண்டி கொடுத்தவருக்கு, கடைசியில் ‘களத்தில் உதவியவர்களுக்கு’. உதவியவர்கள். பன்மை. இருந்தது நான் ஒருத்தி.

அதையாவது விட்டுவிடலாம். அடுத்த வருடம் சித்திரை மாதம் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள் எது நியாயம் என்று. ஓட்டைக் கிட்டத்தில் படம் எடுக்கவேண்டும் என்று மேடம் அதன் உள்பக்கத்தை ஊசியால் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். என்னிடம் கொடுக்கவில்லை, அவர்களே செய்தார்கள். கீழே வெள்ளைத் தாள். உள்ளேயிருந்த மண் அதில் பொடிப் பொடியாக விழுந்தது. நீங்கள் கேட்டீர்களே, அதற்கு வந்துவிட்டேன். கறுப்பு. எல்லாச் சிப்பிக்குள்ளும் அது செத்த இடத்து மண் இருக்கும்; இது கீழே செத்தது, கறுப்பு மண்தான் இருக்கும். அதில் என்ன அதிசயம்?

மேடம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

“கமலம், எங்கிட்ட நீ எப்பவாவது பொய் சொல்லிருக்கியா?”

“இல்ல மேடம்.” சத்தியமான வார்த்தை. அவர்கள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

“நீ சொல்ல மாட்ட” என்றார்கள். கொஞ்சம் கழித்து, “ஒந்தம்பிங்க என்ன படிக்கிறாங்க?” என்றார்கள். பெரியவன் பாலிடெக்னிக், அடுத்தவன் பத்தாவது, கடைக்குட்டி ஏழாவது, அப்பா போனதிலிருந்து என் சம்பளம்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். தாளை நான்காக மடித்து, மண் சிந்தாமல், மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். “வீட்டுக்குப் போ” என்றார்கள். மணி மூன்றுதான்.

அடுத்த வாரம் என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேடமே எழுதிக் கொடுத்து மாற்றினது. ‘நேர்மையானவர், கடின உழைப்பாளி, படிக்க ஊக்கம் தரவேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். படித்தேன், அஞ்சல் வழியில் தமிழ் பி.ஏ. முடித்தேன், அது வேறு விஷயம். ஆனால் புகழ் வந்ததும் கூட இருந்தவளைத் தள்ளிவைப்பது என்ன குணம்? இருபத்தாறு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறேன்.

புகழ் வந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்பதற்கு மேடம்தான் சாட்சி. வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைத்தார்கள், டிக்கெட்டும் அனுப்பினார்கள்; முழங்கால் வலி என்று சொல்லிப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு கட்டுரை எழுதவில்லை, ஒன்றுகூட. நூலகத்துக்கு வருகிற ஆராய்ச்சி இதழ்களில் யாராவது அந்த ஓட்டைப் பற்றிப் பாராட்டி எழுதியிருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்குவார்கள், பிரிக்க மாட்டார்கள். சோம்பல். வகுப்பு மட்டும் எடுத்தார்கள். ‘ஓட்டைப் பார்க்கும் முன்னால் உள்ளே இருக்கிற மண்ணைப் பார்’ என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவார்களாமே. நீங்களெல்லாம் கேலி செய்வீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பெண் டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ‘உள்ளே இருக்கிற மண்ணைப் பார்’ என்பாள், நூலகம் வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இது என்ன உறை? மேடம் கொடுத்தார்களா? நான் பேசி முடித்தபின் கொடுக்கச் சொன்னார்களா? நானாகவே எல்லாம் சொல்வேன், கேட்கவே வேண்டாம் என்றார்களா? அப்படியானால் அந்த மண் கேள்வியை நீங்களாகக் கேட்டதா? பொறுமை போதாது உங்களுக்கு. அப்போதும் அப்படித்தான்.

கண்ணாடியை எடுங்கள், அந்த ஜன்னலில்.

மேடம் கையெழுத்து. நடுங்கிப்போய்விட்டது. ‘மலரின் முதல் பக்கத்தில் இதை அச்சிடவும். பிறகு ஆராய்ச்சி இதழுக்கும் அனுப்பவும். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் நான் வெளியிட்ட முடிவு தவறு. அந்த ஓடு மேல் அடுக்கைச் சேர்ந்தது அன்று. அதன் உள்ளே இருந்த மண்ணைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். பார்த்த பிறகும் சொல்லாமல் இருந்தேன். பிழை முழுதும் என்னுடையது. அது உண்மையில் கிடந்த இடம்...’ இடத்தை எழுதாமல் வெறும் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள்.

மறுபடி படிக்கிறேன், இருங்கள்.

என் பெயர் இல்லை. பார்த்தீர்களா? இந்தத் தடவை ‘உதவியவர்கள்’ கூட இல்லை. முழுசாக விட்டுவிட்டார்கள்.

‘பார்த்த பிறகும்.’ அப்படியென்றால் மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? அந்தத் தாள்... சித்திரை மாதம் அது. அன்றைக்கேவா? தம்பிகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டது...

மோர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா? வேண்டாமா. சரி.

உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

முதலில் இடம். எழுதுகிறேன். ‘ஒற்றைப் பனையிலிருந்து மூன்றாவது பிளவு, கிழக்குச் சுவர், கறுப்பு மண், சுண்ணாம்புக் கட்டுக்கு இருபத்தெட்டு அடி கீழே. வாய் வடக்குப் பார்த்து, இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது.’ அளக்கச் சொல்லித் திட்டினார்கள் இல்லையா, இரண்டாம் தடவை அளந்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இப்போது இந்த வரி. ‘பிழை முழுதும் என்னுடையது.’ இதை அடிக்கிறேன். கையைப் பிடிக்காதீர்கள், மை இழுபடும். என் பெயர் வரக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார்களா? சொல்லுவார்கள். என்ன ஆகிவிடும்? வேலையிலிருந்து தூக்குவார்களா? நான் ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம். தம்பிகள் மூன்று பேரும் தலையெடுத்து, பெரியவன் பேரனும் எடுத்தாயிற்று. ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். சிரிக்கட்டும். என் வாயால் மேடத்திடம் பொய் சொன்னதில்லை. மேடம் எனக்காக எழுத்தில் ஒரு பொய் போட்டு, அதை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

எழுதியாயிற்று. படித்துக்காட்டுகிறேன். ‘இந்த ஓட்டைக் கீழ் அடுக்கிலிருந்து எடுத்து மேல் அடுக்கில், பார்த்தால் தெரியாதபடி, பதித்து வைத்தவர் ரா. செங்கமலம், ஆய்வக உதவியாளர். பேராசிரியருக்குச் சொல்லாமல் செய்தது.’ தேதியும் போட்டுவிட்டேன். ‘பார்த்தால் தெரியாதபடி’ இருக்கட்டும். மேடத்தின் கண்ணுக்கு அதனால் குறை வராது.

இதை அச்சுக்கு அனுப்பும் முன்னால் மேடம் பார்க்கவேண்டும். பார்த்தால் என் பெயரை அடித்துவிடுவார்கள். உங்களை மிரட்டி இன்னொரு தாளில் பழையபடி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

தாளை இப்படிக் கொடுங்கள். வண்டி வெளியில்தானே நிற்கிறது? ஐந்து நிமிடம் இருங்கள், புடவை மாற்றிக்கொள்கிறேன். நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.